காவலூர் வானத்துக்கு எந்தத் தெருவிளக்கு உகந்தது?

ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், சந்தன மரங்கள் நிற்கும் காட்டுக்கு நடுவே காவலூர் வானாய்வகம் இருக்கிறது. ஊர்களின் வெளிச்சம் எட்டாத இடம் வேண்டுமென்று தேடித்தான் வானியலாளர் வைணு பாப்பு அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1972-இல் அங்கே நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977-இல் யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பதை வெளிப்படுத்திய உற்றுநோக்கல்களில் பங்கேற்றது, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அதன் அருகில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மலையடிவாரத்து ஆலங்காயமும் வாணியம்பாடியும் திருப்பத்தூரும் வளர்ந்தன, அவற்றின் விளக்குகளும் பெருகின. ஊரும் வெளிச்சமாக இருக்க வேண்டும், மலை மேல் வானமும் இருளாக இருக்க வேண்டும் என்றால் அந்த ஊர்களின் கம்பங்களில் எதை, எப்படி, எத்தனை மணி வரை எரிய விடுவது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் நிறம். ஒளி மாசைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது. பல நேரங்களில் இதிலேயே முடிந்தும் விடுகிறது. பழைய மஞ்சள் சோடியம் ஆவி விளக்குகளில் இரண்டு வகை உண்டு. குறையழுத்த வகை, தன் ஒளி முழுவதையும் ஏறக்குறைய 589 நானோமீட்டர் என்னும் ஒற்றை அலைநீளத்தில் உமிழ்வதால், வானியலாளர்கள் ஒரு வடிகட்டியைக் கொண்டு அதை விலக்கிவிட்டு மீதி நிறமாலையை நிம்மதியாக ஆராயலாம். அந்த ஒளியில் சிவப்புச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும் வேறுபாடு தெரியாது என்பது அதன் குறை. மேலும், அந்த விளக்குகளின் உற்பத்தியே அநேகமாக நின்றுவிட்டதால் அது இன்று ஒரு தேர்வாகவே இல்லை. நம் ஊர்த் தெருக்களில் எரிந்தது உயரழுத்த வகை. அதில் நிறம் ஓரளவு தெரியும், நீல ஒளியோ குறைவு.

வெள்ளை எல்.இ.டி. இதற்கு நேர் எதிர். நீல ஒளி உமிழும் சில்லின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசித்தான் அந்த வெண்மை பெறப்படுகிறது. ஆகவே 450 நானோமீட்டரை ஒட்டி ஒரு நீல முகடு அதில் எப்போதும் இருக்கும். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், அந்த நீலம் சோடியத்தின் மஞ்சளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறுகிறது. பகல் வானத்தை நீலமாக்கும் அதே விதிதான் இரவு வானத்தைச் சாம்பலாக்குகிறது. இருளுக்குப் பழகிய கண்ணும் நீலப் பக்கமே கூடுதலாக உணர்வதால், ஒரே லூமன் அளவிலும் (லூமன் என்பது விளக்கு தரும் ஒளியின் அலகு) வெள்ளை விளக்கு வானத்தை அதிகம் வெளுக்கச் செய்கிறது.

இந்த இரண்டுக்கும் இடையில் வேறு இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று, 2700 அல்லது 3000 கெல்வின் அளவிலான இள மஞ்சள் எல்.இ.டி. (கெல்வின் இங்கே ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்); இதில் நீலம் வெகுவாகக் குறைகிறது, மின்சிக்கனத்தில் இழப்பு சிறிதே, முகமும் நிறமும் தெளிவாகத் தெரிகின்றன. மற்றொன்று, அலைநீளங்களின் ஒரு குறுகலான பட்டையில் மட்டும் ஒளிரும் ஆம்பர் (செம்மஞ்சள்) எல்.இ.டி.; வானியலாளருக்கு இதைவிட உகந்தது இல்லை. ஆனால் ஒரு வாட்டுக்கு அது தரும் வெளிச்சம் குறைவு, சூடேறினால் இன்னும் குறையும். மே மாத வாணியம்பாடியில் இது சிறிய விஷயமன்று. 1958-லேயே தேடொளி விளக்குகளைத் தடை செய்து சட்டமியற்றிய அமெரிக்காவின் பிளாக்ஸ்டாப் நகரம், குறையழுத்த சோடியத்துக்கு மாற்றாக ஆம்பரை நோக்கிப் போயிற்று. அங்கே லோவல் வானாய்வகம் ஊரின் அடையாளமாகவே இருப்பதால் அந்தச் செலவுக்கு மக்களின் ஒப்புதல் கிடைக்கிறது. ஆலங்காயம் பேரூராட்சியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமாகாது. நிறத்தைப் பொறுத்தவரை, 2700 கெல்வினே நம் அடிவார ஊர்களுக்குப் போதும் என்பது என் கணிப்பு.

மின்சாரச் செலவைக் காரணம் காட்டி வெள்ளை எல்.இ.டி.யை நியாயப்படுத்துவோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் வழியாக மட்டுமே நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன, உள்ளாட்சிகளின் மின்கட்டணச் சுமை அதனால் குறைந்தது. ஆனால் வெளிச்சம் மலிவாகும்போது, இரண்டு கம்பம் நட்ட இடத்தில் மூன்று நடத் தோன்றுவது இயல்பு. 2011 முதல் 2022 வரை தன்னார்வலர்கள் வெறும் கண்ணால் பதிவு செய்த விண்மீன் எண்ணிக்கைகளைத் தொகுத்து 2023-இல் வெளியான ஆய்வு, இரவு வானத்தின் பொலிவு ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியதாகக் கணக்கிட்டது. செயற்கைக்கோள் காட்டிய வளர்ச்சி இதைவிட மிகக் குறைவு. உலகளாவிய இரவொளிப் படங்களை எடுக்கும் அந்தச் செயற்கைக்கோள் உணரி 500 நானோமீட்டருக்குக் கீழ் உள்ள நீலத்தைக் காண்பதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். சோடியத்திலிருந்து வெள்ளைக்கு மாறிய நகரம், மேலிருந்து பார்த்தால் மங்கியதாகவும் கீழிருந்து பார்த்தால் பளிச்சென்றும் தெரியக்கூடும்.

இப்போது நிறத்தைவிட முக்கியமானது என்று நான் கருதும் ஒன்றுக்கு வருகிறேன்: விளக்கின் சாய்வு. கிடைமட்டத்துக்குச் சற்று மேலாகக் கசியும் ஒளிதான் காற்றடுக்கின் ஊடே நெடுந்தொலைவு பயணிக்கிறது. நேர்மேலே போகும் ஒளியைவிட, தொலைவில் உள்ள வானாய்வகத்துக்குப் பெருங்கேடு விளைவிப்பது அதுவே. விளக்கின் அடியில் தட்டைக் கண்ணாடி, மேலும் பக்கங்களும் மூடிய கூடு, கிடைமட்டத்துக்கு மேல் ஒரு கதிரும் போகாத அமைப்பு ஆகியவை இருந்தால் இந்தக் கசிவு நின்றுவிடும். இப்படி மூடிய வெள்ளை விளக்கையும், குண்டுக் கண்ணாடி போட்டுப் பக்கவாட்டில் ஒளி வீசும் மஞ்சள் விளக்கையும் அருகருகே வைத்து, மலை மேலிருந்து எது கண்ணில் குத்துகிறது என்று கேட்டால், விடை நிறத்தின் பக்கம் இருக்காது.

நம் ஊர்களில் எல்.இ.டி. தெருவிளக்குகளில் பல தட்டையாகவே வருகின்றன. பிழை அவற்றை மாட்டும் இடத்தில் நேர்கிறது. மின்கம்பத்தில் பழைய சாய்ந்த குழாய்க்கை அப்படியே இருக்க, அதன் முனையில் புது விளக்கைச் செருகுகிறார்கள். கை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவுக்கு விளக்கும் நிமிர்ந்து, எதிர்வீட்டு மாடி சன்னலையும் வானத்தையும் பார்க்கிறது. தயாரிப்பாளர் கட்டிக்கொடுத்த மறைப்பு, ஒரு திருகாணியின் கோணத்தில் வீணாகிறது. ஆம்பர் விளக்கு வாங்குவதற்கும் இந்தக் கையை நேராக்குவதற்கும் இடையே ஒன்றை மட்டும் தேர்வு செய் என்றால், தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன். செலவு குறைவு, பலன் அன்றிரவே தெரியும், வாகன ஓட்டியின் கண் கூசுவதும் குறையும். பேருந்து நிலையங்களிலும் நாற்சந்திகளிலும் நிற்கும் ஹைமாஸ்ட் கம்பங்களுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

மறைப்பால் தீராத ஒரு பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தரையில் விழுந்த ஒளியில் ஒரு பகுதி மீண்டு மேலே போகிறது. கருந்தார்ச் சாலையைவிட வெளிறிய சிமெண்ட் சாலை கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. இதைக் குறைக்க வெளிச்சத்தின் அளவைக் குறைப்பது ஒன்றே வழி. அது நேரத்தைப் பற்றிய கேள்விக்குக் கொண்டுபோகிறது.

நள்ளிரவுக்குப் பின் அணைப்பதா, மங்கச் செய்வதா? அணைப்பதே வானத்துக்கு நல்லது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 62 உள்ளாட்சிகளைப் பற்றி 2015-இல் வெளிவந்த ஆய்வு, விளக்கை அணைத்ததாலோ மங்கச் செய்ததாலோ விபத்தும் குற்றமும் கூடியதற்குச் சான்று இல்லை என்றது. மறுபுறம், நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் தற்காலிகக் கூடுதல் விளக்குகளை வைத்துச் செய்த சோதனையில், வெளிப்புற இரவுநேரக் கடுங்குற்றங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. இரண்டும் வேறுவேறு சூழல்கள். பின்னிரவுப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண்ணிடம் இங்கிலாந்தின் புள்ளிவிவரத்தைக் காட்டி விளக்கை அணைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மங்கச் செய்வதே இங்கே சரி. தெருநாய்களும் உடைந்த நடைபாதையும் உள்ள தெருவில் முழு இருட்டுக்கும் பாதி வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு பெரியது.

மங்கச் செய்வதன் அளவையும் எல்லையையும் அரிசோனாவின் டூசான் நகரம் காட்டுகிறது. அங்கே சோடியம் விளக்குகளை அகற்றி 3000 கெல்வின் எல்.இ.டி. பொருத்தியபோது, மொத்த லூமன் அளவையே பாதிக்கும் கீழாகக் குறைத்துவிட்டார்கள். நள்ளிரவில் 90 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காட்டுக்கு ஒளி இறங்குகிறது. 2019-இல் பத்து இரவுகள் தெருவிளக்குகளின் அளவை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் செயற்கைக்கோளால் அளந்து பார்த்தபோது, நள்ளிரவுக்குப் பின் வானிலிருந்து தெரியும் நகர ஒளியில் தெருவிளக்குகளின் பங்கு 13 விழுக்காடு அளவே என்று தெரியவந்தது. மீதி கடைகள், விளம்பரப் பலகைகள், வாகன நிறுத்துமிடங்கள், விளையாட்டுத் திடல்கள், வீட்டு முகப்புகள் ஆகியவற்றிலிருந்து வருவது. நம் ஊர்களில் இந்த விகிதம் அப்படியே இருக்க வேண்டியதில்லை; ஆனால் நெடுஞ்சாலையோர விளம்பரப் பலகைகளைக் கீழிருந்து மேல்நோக்கி ஒளியூட்டும் ஃபோகஸ் விளக்குகளைப் பார்த்தவர்களுக்கு டூசானின் முடிவு வியப்பளிக்காது.

தனியார் விளக்குகளுக்குப் பேரூராட்சியின் கொள்முதல் விதி செல்லாது. அங்கே போட்டி சட்டத்துக்கும், இருளைக் காக்கவென்று ஒரு பரப்பை ஒதுக்கும் காப்பகத்துக்கும் இடையே. பிரான்சின் 2018 டிசம்பர் ஆணை நாடு முழுவதற்கும் பொதுவானது. வெளிப்புறப் பொது விளக்குகளின் நிறத்துக்கு 3000 கெல்வினை உச்ச வரம்பாக்கி, கடை முகப்பு விளக்குகள் பொதுவாக இரவு ஒரு மணிக்குள் அணைய வேண்டும் என்றது. இந்தியா இதுவரை எடுத்தது மற்ற வழி. லடாக்கின் ஹன்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகளைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்து, பயணிகளுக்கு விண்மீன் காட்டப் பழக்கினார்கள். இருளைக் காப்பதால் வருமானம் வருகிறது என்பதால், அங்கே சன்னலுக்குத் திரை போடச் சொன்னால் கோபம் வருவதில்லை.

ஹன்லே 4,500 மீட்டர் உயரத்தில், சில நூறு வீடுகள் உள்ள பாலைநிலம். ஏற்கெனவே இருளாக இருந்ததை அங்கே காத்தார்கள். காவலூரின் நிலை வேறு: ஒரு ஊரின் வான் ஒளிர்வு தொலைவின் 2.5-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்னும் வாக்கரின் விதிப்படி, தொலைவு இரட்டித்தால் ஒளி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிறது. ஆகவே பெரிய நகரங்கள் எவ்வளவு பெரிதானாலும், காவலூரின் அடிவானத்தில் ஆலங்காயத்துக்கும் வாணியம்பாடிக்கும் தனி எடை உண்டு. அவற்றைக் காப்பகத்துக்குள் அடைக்க முடியாது. மாநிலம் முழுவதற்கும் சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த முறை அந்த ஊர்கள் தெருவிளக்குக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது வாட்டுக்கும் விலைக்கும் பக்கத்தில் 2700 கெல்வின், கிடைமட்டத்துக்கு மேல் ஒளி சுழியம், நள்ளிரவில் விளக்கைத் தானே மங்கச் செய்யும் மின் இயக்கி என்னும் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். கம்பத்தின் கை நேராக மாட்டப்பட்டதா என்று பார்த்த பிறகே பில் பாஸ் ஆக வேண்டும் என்று நான்காவதாக ஒரு வரியும் எழுதலாம்.