டிசெபிலிட்டி பென்ஷன் ஏற்றித் தருகிறேன் என்றவனிடம் 38,500 ரூபாய் விட்டேன்

நேற்று சாயங்காலம்தான் உறுதியாகத் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் படைவீரர்கள், அதிலும் உடம்பில் ஊனத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள். நமக்கு என்னென்ன உண்டு, யாரிடம் கேட்பது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் இன்ஜினியர் படைப்பிரிவு. 22 வருஷம் சர்வீஸ் முடித்து 2009-ல் ஹவில்தாராக வந்தேன். லடாக்கில் ரோடு வேலையின்போது பாறை சரிந்து வலது முழங்கால் போனது. சர்வீஸ் முடிந்து வரும்போது பரிசோதிக்கும் டாக்டர்கள் குழு, அதாவது ரிலீஸ் மெடிக்கல் போர்டு, ஊனம் 30 சதவீதம் என்று போட்டது. சர்வீசால் வந்தது என்றும் எழுதியது. அதனால் சர்வீஸ் பென்ஷனோடு டிசெபிலிட்டி எலிமென்ட்டும், அதாவது ஊனத்துக்கான தொகையும், 30 சதவீதக் கணக்கில் வருகிறது. இதற்கு மேல் ஏதாவது உண்டு என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை.

வேலூர் பக்கம் எந்த ஊரில் கல் எறிந்தாலும் ஒரு மிலிட்டரிக்காரர் வீட்டு ஓட்டில்தான் விழும். கம்மவான்பேட்டையைக் கேட்கவே வேண்டாம். எங்களை நம்பியே பிழைப்பு நடத்தும் கடைகளும் இங்கே நிறைய. அப்படி ஒரு 'பென்ஷன் ஆலோசனை மையம்'. ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே அறை, சுவரில் தேசியக்கொடி, மேஜையில் பித்தளையில் ஒரு சின்ன பீரங்கி.

உள்ளே போனதும் அந்த ஆள் எழுந்து நின்று "ஜெய்ஹிந்த் சாப்" என்றான். எந்த ரெஜிமென்ட் என்று கேட்டான், சொன்னேன். உடனே கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் தம்பிதான் சாப். அல்சூர் ஏரிப் பக்கம் நாம ஓடாத ஓட்டமா?" என்றான். எங்கள் டிரெய்னிங் சென்டர் பெங்களூரில் அந்த ஏரிப் பக்கம்தான். சாப்பர்ஸ்காரர்களுக்குத் தெரியும், எங்களைப் பட்டாளத்தில் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். எந்த கம்பெனி, எந்த வருஷம், யார் சுபேதார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. டீ சொன்னான், குடித்தேன்.

இன்னொன்று, அவன் சொன்ன விஷயம் பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. 50-க்குக் கீழே சதவீதம் இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் கணக்கில் எடுக்கும் 'ரவுண்டிங் ஆஃப்' உண்மையிலேயே உண்டு. முதலில் ஊனத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். என்னைப்போல் காலம் முடிந்து வந்தவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசிச் சம்பளம் 40,000 என்று வையுங்கள். 100 சதவீதத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. எனக்கு 30 என்றால் 3,600. அதையே 50 ஆக்கினால் 6,000. அகவிலைப்படி தனி. அவன் ஒரு துண்டுத்தாளில் இப்படித்தான் போட்டுக் காட்டினான், கீழே 'அரியர்ஸ் 6 லட்சம்' என்று இரண்டு கோடு இழுத்து.

ஃபைல் போட 15,000. வக்கீல் நோட்டீசுக்கு 8,500. மறுபடி மெடிக்கல் போர்டில் 'பேசி வைக்க' 15,000. மொத்தம் 38,500. கடைசித் தவணைக்கு மனைவியின் செயினை அடகு வைத்தேன். "என்னங்க, ரசீது கேட்டீங்களா?" என்றாள். "பட்டாளத்துக்காரனிடம் ரசீதா?" என்று அவளையே அதட்டினேன். இப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பணத்தோடு டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொண்டான். ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் என் கணக்கை 'அப்டேட்' செய்கிறேன் என்று மூன்று தடவை ஓடிபி கேட்டான். மூன்று தடவையும் சொன்னேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதல் மாதம், "ஃபைல் பிரயாக்ராஜ் போயிருக்கு சாப்." எங்கள் பென்ஷனைப் பார்க்கும் ஆபீஸ் அங்கேதான். இரண்டாவது மாதம், "அங்க மேடம் லீவு." பிறகு ஸ்பர்ஷ் சர்வர் டவுன். பிறகு தேர்தல் வேலை. நேரில் போனால் ஒரு பெண், "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்பாள். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும். இந்த முழங்காலோடு அந்த மாடிப்படி பதினெட்டையும் எத்தனை தடவை ஏறியிருப்பேன்! ஒரு நாள் கத்தினேன். "அனுப்பினதுக்கு அத்தாட்சி" என்று ஒரு கூரியர் சீட்டை நீட்டினான்.

அந்தச் சீட்டைத்தான் என் மகன் நேற்று பார்த்தான். கார்பன் எழுத்தின் மேல் பால்பாயின்ட் பேனாவால் 'பிரயாக்ராஜ்' என்று அழுத்தி எழுதியிருந்தது. நம்பரை போனில் போட்டுப் பார்த்தான். "அப்பா, இது திருப்பத்தூர்ல டெலிவரி ஆயிருக்கு" என்றான். பிரயாக்ராஜுக்குப் போன தபால் திருப்பத்தூரில்!

நேராக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் என் பி.பி.ஓ.வை, அதாவது பென்ஷன் உத்தரவை, புரட்டிவிட்டுச் சொன்னார்: என் பேரில் எந்த மனுவும் போகவில்லை. ரவுண்டிங்குக்கு மறுபடி மெடிக்கல் போர்டே தேவையில்லை, போர்டு ஏற்கெனவே போட்ட 30-ஐ வைத்துத்தான் கணக்கு. ஆக, 'பேசி வைக்க' வாங்கிய 15,000 சுத்த மோசடி. ஸ்பர்ஷில் என் மொபைல் நம்பரும் மாறியிருக்கிறது. "இங்கே முதலிலேயே வந்திருக்கலாமே ஐயா" என்றார். வீட்டிலிருந்து அந்த ஆபீஸ் நாலு கிலோமீட்டர். வந்திருக்கலாம்தான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது முடியவில்லை. தலை வலிக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. ஒரிஜினலைக் கையை விட்டு விடாதீர்கள், ஜெராக்ஸ் போதும். டிசெபிலிட்டி பென்ஷன் இல்லை என்று கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போடுங்கள். மெடிக்கல் போர்டில் 'பேசுகிறேன்' என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். கேஸ் போட வேண்டுமென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. மாற்றுத்திறனாளி என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் இலவசம், இது 1987 சட்டத்திலேயே இருக்கிறதாம். 100 சதவீதம் ஊனமாகி, துணை ஆள் இல்லாமல் முடியாது என்று போர்டு எழுதியிருந்தால் உதவியாள் படியும் உண்டு. அதையும் இந்த மாதிரி ஆட்கள் கமிஷன் பேசி வாங்கித் தருவதாகச் சொல்கிறார்களாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று காலை ஏழு தடவை போன் அடித்தேன். ஏழாவது தடவை எடுத்து, "சாப், டிராவல்ல இருக்கேன், சாயங்காலம் கூப்பிடறேன்" என்றான். 38,500 ரூபாய். டிஸ்சார்ஜ் புக் இன்னும் அவன் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. நாளை மகனைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போகிறேன், அந்த கூரியர் சீட்டையும் எடுத்துக்கொண்டு.