பிள்ளைகளைக் கடைக் கணக்கில் சேர்ப்பதா, தள்ளி வைப்பதா?

கோவில்பட்டியில் அப்பா நடத்திய ஸ்டேஷனரி கடையை 2012 முதல் நான் பார்த்துவருகிறேன். அண்ணனுக்குத் திருநெல்வேலியில் ஹார்டுவேர் கடை. ஒரே வீட்டில் வளர்ந்தும், பிள்ளைகள் விஷயத்தில் இருவரும் நேரெதிர் வழியில் போகிறோம். படிப்பு முடியும்வரை பிள்ளைகள் கடைப் பக்கமே வரக்கூடாது என்பது அண்ணன் கட்சி. என் வீட்டில் மே மாதக் கொள்முதலுக்கு மகளும் மகனும் என்னோடு உட்கார்ந்து சரக்கை முடிவு செய்கிறார்கள். மூன்றாவதாக அப்பாவின் வழி ஒன்று உண்டு. பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்து பில் போடச் சொல்வார். எந்த முடிவிலும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எனக்குத் தெரிந்த கடைகளில் பாதிக்கு மேல் இன்றும் இப்படித்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ மட்டுமே உதவலாம் என்கிறது 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். அபாயகரமான தொழில் என்றால் அதுவும் கிடையாது. பட்டாசும் தீப்பெட்டியும் பிழைப்பாக இருக்கும் எங்கள் வட்டாரத்தில் இதை இரண்டு முறை சொன்னாலும் தப்பில்லை. நான் பேசுவது வேலை வாங்குவதைப் பற்றி இல்லை, யோசனை கேட்பதைப் பற்றி.

அண்ணன் வழியில் நியாயம் இருக்கிறது. அவர் கடையில் ஒரு லோடு கம்பி தப்பாக வாங்கினால் லட்சக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். அதில் பன்னிரண்டு வயதுப் பையனிடம் என்ன கேட்பது? கடன் நெருக்கடி தெரியாமல் பிள்ளைகள் நிம்மதியாகப் படிக்கட்டும் என்கிறார். சரிதான். ஆனால் படிப்பு முடித்து வரும் பையனிடம் ஒருநாள் “கடையை எடுத்துக்கிறியா?” என்று கேட்பார் அல்லவா? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவன் எதைச் சொல்வான்?

அப்பாவின் வழியை நான் அனுபவித்தவள். எட்டாம் வகுப்பிலிருந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். கடன் வாங்கியவர்கள் கணக்கை எழுதும் பற்று நோட்டை மட்டும் தொடவிட்டதில்லை. அவர் இறந்தபின் பிரித்துப் பார்த்தால், “மே.க. 4,200”, “பெரியவர் 1,750” என்று பக்கம் பக்கமாக அவருக்கு மட்டுமே புரிந்த சுருக்கங்கள். அறுபதாயிரத்துக்கு மேல் யாரிடம் கேட்பது என்று தெரியாமலே போய்விட்டது. அத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குச் சில்லறை எண்ணத்தான் தெரிந்திருந்தது. பர்மா, மலாயாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார், பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை வேலையாளாகச் சேர்ந்தவரை, மேலாளுக்குத் துணையான அடுத்தாளாக்கி, பிறகு கடைப் பொறுப்பையே பார்க்கும் மேலாளாக்கினார்கள். பொறுப்பு ஏற ஏற அதிகாரமும் ஏறியது. எங்கள் வீட்டில் பெட்டியடியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வழியை 2024 மே மாதம் தொடங்கினோம். மகள் அப்போது பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். பத்தாயிரத்துக்குள் அவள் சொல்லும் சரக்கை வாங்குவேன் என்றேன். நோட்டு சிவகாசியிலிருந்து வருகிறது, அதில் யோசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் பென்சில் பௌச் எடுத்தாள். கொள்முதல் விலை 62, விற்பனை விலை 90. பத்து டஜன், 7,440 ரூபாய்.

ஜூன் கடைசியில் 71 விற்றிருந்தது. “ஒண்ணுக்கு 28 ரூபாய்மா, 1,988 லாபம்” என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். மீதியை எண்ணச் சொன்னேன். ரேக்கின் அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்து, தரையில் பரப்பி எண்ணினாள். 49. விற்று வந்த பணம் 6,390. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ நம்ம பணம் 1,050 ரூபாய் இன்னும் பெட்டிக்குள்ளயே கிடக்குல்லம்மா?” என்றாள்.

மூன்று வழிகளையும் இந்த ஒரு விஷயத்தில்தான் நான் அளக்கிறேன்: பிள்ளை எடுத்த முடிவின் நஷ்டம் அதன் கண்ணில் படுகிறதா? ஸ்டேஷனரி வியாபாரத்தைத் தின்பது தேங்கும் சரக்கு. இந்த வருஷ டிசைன் அடுத்த வருஷம் போகாது. தூசி படிந்த ஜிப் திறக்காது, பாதி விலைக்கும் ஆள் வராது. கல்லாவில் உட்காரும் பிள்ளை விற்றதை மட்டுமே பார்க்கும். கடைக்கே வராத பிள்ளை அதையும் பார்க்காது. தான் தேர்ந்தெடுத்த 49 பௌச்சைத் தன் கையால் எண்ணிய பிள்ளைக்கு லாபம் வேறு, கையிருப்புப் பணம் வேறு என்று நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருஷம் மூன்று டஜன், போனதும் இன்னொரு மூன்று டஜன் என்று வாங்கினாள். லைனுக்கு வரும் ஏஜெண்டிடம், “விக்காததைத் திருப்பி எடுப்பீங்களா அண்ணே?” என்று நான் கேட்கும் முன்பே கேட்டாள்.

2025 செப்டம்பரில் நோட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து பூஜ்யமானபோது, “ஏற்கெனவே வரி கட்டி வாங்கின நோட்டு என்னாகும்?” என்றாள். வரி விலக்கு வந்தால், கையிருப்புச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த கழிவைத் திருப்ப வேண்டும் என்று ஆடிட்டர் விளக்கினார். அவளும் அருகிலிருந்து கேட்டாள்.

இதில் நானும் ஒரு தப்பு செய்தேன். ஜாமெட்ரி பாக்ஸ் எது வாங்கலாம் என்று அவளிடம் கேட்டுவிட்டு, கமிஷன் கூடுதல் என்பதால் அவளிடம் சொல்லாமல் வேறு கம்பெனிச் சரக்கை இறக்கினேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்தவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் கடைக்கே வரவில்லை. கேட்காமலே இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதனால் எதில் உன் பேச்சு நடக்கும், எதில் நடக்காது என்பதை இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் கொடுப்பது, வாடகை, வேலையாள் சம்பளம் ஆகியவற்றில் பிள்ளைகள் கேட்கலாம், பார்க்கலாம், முடிவு என்னுடையது.

பிள்ளைகள் பெயரையும் சேர்த்துக் கடையைக் கூட்டு நிறுவனமாக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: மைனரைக் கூட்டாளியாக்க முடியாது, 1932 கூட்டாண்மைச் சட்டப்படி மற்றக் கூட்டாளிகள் சம்மதித்தால் லாபப் பலனில் மட்டும் சேர்க்கலாம். 18 வயதானபின் ஆறு மாதத்துக்குள் விலகுவதாக அறிவிக்காவிட்டால் கூட்டாளி ஆகிவிடுவார், கடன் பொறுப்பும் சேர்ந்து வரும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு சீசன் அனுபவம்தான் எனக்கு. மகள் இப்போது பதினோராம் வகுப்பு. கடையை எடுப்பாளா என்று நான் கேட்கவுமில்லை. நகைக்கடை, கம்பிக்கடை போன்ற பெரிய முதலீட்டில் இது செல்லுமா என்று அண்ணன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அண்ணன் மகன் இந்த வருஷம் இன்ஜினீயரிங் முடிக்கிறான்.

வரும் மே மாதம் மகளுக்கு 15,000 ஒதுக்கியிருக்கிறேன். பதினொரு வயது மகனுக்கு ரப்பரும் ஷார்ப்னரும், 1,000 ரூபாய்க்குள். பழைய பௌச்சில் இன்னும் பதினேழு மிச்சம். அந்தப் பெட்டியை ரேக்கிலிருந்து எடுக்க வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.