கத்தி வைக்காமல் சுருங்கிய கட்டி: புதுச்சேரியில் அம்மாவுக்குக் கிடைத்த சிகிச்சை

அம்மாவுக்கு இடது கன்னத்தின் உட்புறத்தில் நாவற்பழ நிறத்தில் ஒரு கட்டி. வலி கிடையாது. ஆனால் சாப்பிடும்போது பல் பட்டு ரத்தம் கசியும். முறுக்கு, தட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கடலூரில் முதலில் காட்டிய இடத்தில், டார்ச் அடித்துப் பார்த்த கையோடு, "வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன்.

அங்கே டாக்டர் முதல் வேலையாகச் சிறு கண்ணாடித் தகடு ஒன்றைக் கட்டியின் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். கருநீலம் மறைந்து வெளுத்தது. எடுத்ததும் மறுபடி நிறம் ஊறியது. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இது ரத்தக்குழாய்க் கட்டி, உள்ளே ரத்தம் நிறைந்திருப்பதற்கு அதுதான் அடையாளம், கத்தி வைத்தால் ரத்தப்போக்கை நிறுத்துவது சிரமம் என்றார். அடுத்து டாப்ளர் ஸ்கேன். ரத்தம் மெதுவாக ஓடுகிறதா, தமனியிலிருந்து வேகமாகப் பாய்கிறதா என்று தெரியாமல் ஊசியைத் தொடவே மாட்டேன் என்பதில் கறாராக இருந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்தக் கறாரால்தான்.

கட்டிக்குள் ஊசியாகப் போடும் மருந்து, சோடியம் டெட்ராடெசில் சல்பேட். கால் நரம்புச் சுருட்டலுக்கும் இதையே போடுகிறார்கள். ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, ஒட்டவைத்து, தழும்பாகச் சுருங்கச் செய்யும்.

"தம்பி, குத்தினால் ரத்தம் கொட்டாதா?" என்று டாக்டரிடம் கேட்டார் அம்மா.

"கொஞ்சம் கசியும் அம்மா, பஞ்சு வைத்து அழுத்திக்கொள்ளலாம்."

சொன்னபடியேதான் நடந்தது. மறுநாள் கன்னம் நன்றாக வீங்கியது. வீங்கும் என்று முன்பே எச்சரித்திருந்ததால் பதறவில்லை. ஆறிய கஞ்சியும் மோருமாக ஓட்டினோம். வீக்கம் வடிந்தபின் கட்டி கெட்டிப்பட்டுச் சுருங்கத் தொடங்கியது. சில வாரம் விட்டு மறுபடியும் ஊசி போட்டார்கள். இப்போது விரலால் தடவினால் சிறு தடிப்பு மட்டும் தட்டுப்படுகிறது. திரும்ப வளர வாய்ப்பு உண்டு, அவ்வப்போது வந்து காட்டுங்கள் என்று மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து பெஞ்சில் உதட்டில் சிவந்த கட்டியோடு ஒரு கைக்குழந்தை. குழந்தைகளுக்கு வருவது வேறு வகை, பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே சுருங்கும், தேவைப்பட்டால் புரோப்ரனலால் என்ற மருந்து உண்டு, 2008க்குப் பிறகு வழக்கத்துக்கு வந்தது என்று அந்தத் தாய்க்கு அதே பொறுமையோடு விளக்கினார்.

குறை ஒன்று உண்டு, அது சின்னக் குறை இல்லை. ஊசிக்குப் பிறகு என்ன சாப்பிட வேண்டும், எப்போது உடனே வர வேண்டும் என்ற தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் பஸ் ஏறி வருகிற வயதானவர்கள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார்கள். தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். எழுதியே கொடுத்துவிட்டு வந்தேன்.

போகிறவர்கள் காலையிலேயே சீட்டு வாங்கிவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை என எது சாப்பிட்டாலும் மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். அதைப் பார்க்காமல் ஊசி போடமாட்டார்கள்.