ஏற்காட்டில் ஒரு நாள் மியூசியம்

எங்கள் கம்பெனி ஆண்டுவிழாவை இந்த முறை ஒரு ஈவென்ட் குழுவிடம் விட்டோம். ஏற்காட்டில் ஒரு விடுதி ஹாலையே சேலம் பக்கத்துத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் சிற்பங்களின் மாதிரிகளை வைத்து மியூசியமாக மாற்றியிருந்தார்கள். அந்தக் கோயிலில் ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவார், வாலியிடமிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டார் இல்லையா, அதையே இரண்டு தடுப்பும் ஒரே ஒரு விளக்கும் வைத்துச் செய்து காட்டியதில் எங்கள் அக்கவுண்ட்ஸ் அண்ணன் நாலு தடவை அங்கும் இங்கும் நடந்து பார்த்தார். கொடுத்த காசுக்கு எனக்கு அது ஒன்றே போதும். அந்தக் கோயிலில் இருக்கும் கல் சங்கிலிக்கு இங்கே வைத்த மாதிரி மட்டும் தெர்மாகோல், தொட்டதும் பெயின்ட் கையில் ஒட்டியது. மைக் எதிரொலித்து எம்டி பேசியது யாருக்கும் புரியவில்லை, அதில் பெரிய நஷ்டமில்லை. அப்புறம் சாப்பாடு. அந்தக் குளிரில் சாம்பார் சில்லென்று வந்தது, மலைக்கு வருகிறவர்கள் ஒரு அடுப்பு கொண்டுவர மாட்டார்களா?