1000000007-ஆ, 998244353-ஆ?

கோடிங் போட்டிகளில் விடை எக்கச்சக்கமாக வளரும் கணக்கென்றால், ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கேட்பார்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் அது. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 17,55,654. எதை எடுத்தாலும் பூச்சியம் தவிர்த்த எல்லா மீதிக்கும் தலைகீழ் (அதோடு பெருக்கினால் மீதி 1 வரும் எண்) உண்டு. இரண்டு மீதிகளின் கூட்டல் 32 பிட்டுக்குள்ளும் பெருக்கல் 64 பிட்டுக்குள்ளும் அடங்கிவிடும். அப்புறம் எங்கே வேறுபடுகின்றன? ஒன்றைக் கழித்துப் பார்த்தால் தெரியும்.

1000000007, பத்து இலக்கப் பகா எண்களில் முதலாவது. மறக்கவே முடியாது. ஒன்றைக் கழித்தால் 2 × 500000003. அந்த 500000003-உம் பகா எண்தான். அதனால் எந்த மீதியின் வர்க்கமாகவும் வராத ஒரு மீதியை எடுத்தாலும், −1 ஒன்றைத் தவிர, அதன் அடுக்குகளே பூச்சியமல்லாத எல்லா மீதிகளையும் ஒரு சுற்று வந்துவிடும். 5 அப்படிப்பட்டது. வர்க்கமூலம் எடுப்பதும் சுலபம்: வர்க்க எண்ணை 250000002 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் போதும்.

998244353 பார்க்க ஏதோ வாய்க்கு வந்த எண் மாதிரி இருக்கும். ஒன்றைக் கழித்தால் 7 × 17 × 2²³. அத்தனை இரண்டுகள்! லட்சம் உறுப்புகள் கொண்ட இரண்டு பல்லுறுப்புக்கோவைகளை நேரடியாகப் பெருக்கினால் 1,000 கோடி பெருக்கல்கள். அதையே பாதி பாதியாகப் பிரித்துச் செய்ய, 262144-ஆவது அடுக்கில்தான் முதன்முறையாக 1 ஆகிற ஒரு எண் வேண்டும். 262144 என்பது 2¹⁸, விடையின் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் உறுப்புகளும் அடங்குகிற முதல் இரண்டின் அடுக்கு. 23 இரண்டுகள் இருக்கிற இடத்தில் அதற்குப் பஞ்சமில்லை. 3-இன் அடுக்குகளிலேயே கிடைத்துவிடும். எல்லாம் முழு எண்கள் என்பதால் தசமப் பிழை என்ற பேச்சும் கிடையாது.

இந்த வித்தை 1000000007-இடம் பலிக்காது. ஒருமுறை அவசரத்தில் பழைய நிரலில் பகா எண்ணையும், அடுக்கெடுக்கும் எண்ணையும் மட்டும் மாற்றி ஓட்டினேன். நீளம் 2-க்குச் சரியான விடை. 4-க்குப் போனதும் குப்பை. ஒரே ஒரு இரண்டுதானே இருக்கிறது, நாலாகப் பிரிக்க வழி ஏது? வேறு மூன்று பகா எண்களில் தனித்தனியாகப் பெருக்கி, பல மீதிகளிலிருந்து அசல் எண்ணைக் கண்டுபிடிக்கும் சீன மீதித் தேற்றத்தால் ஒட்டவைக்க வேண்டியதாயிற்று.

வர்க்கமூலத்தில் மட்டும் 998244353 சொதப்பும்: 23 இரண்டுகளையும் படிப்படியாக அவிழ்க்க வேண்டும். ஆனால் −1-க்கே இங்கே வர்க்கமூலம் உண்டு, 86583718. மற்றதில் அது கிடையாது.

பிழை தேடும்போது இன்னொன்று உதவும். அரை, அதாவது 2-இன் தலைகீழ், 1000000007-இல் 500000004, 998244353-இல் 499122177. நிகழ்தகவுக் கணக்கில் 500000004 வந்தால் பார்த்ததுமே புரியும். இரண்டாவதை நான் மனப்பாடம்தான் செய்தேன்.

என் தேர்வு? எண்ணிக்கைக் கணக்குக்கு 1000000007, பல்லுறுப்புக்கோவை வாசம் அடித்தாலே 998244353. கேள்வி தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால் பலர் தேவையே இல்லாத இடத்திலும் 998244353-ஐப் போட்டு நம்மைக் குழப்புகிறார்கள்.