மண் ஈர சென்சாரோடு மூன்று வருஷம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் 14 க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) இருக்கின்றன. தக்காளி, கத்தரி, புதினா, ஒரு கறிவேப்பிலை. ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஒன்று வாடிக் கிடக்கும், இல்லை பக்கத்து வீட்டுக்காரர் பாசத்தில் ஊற்றிய தண்ணீரில் வேர் அழுகியிருக்கும். அப்படித்தான் மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லும் சென்சார் வைக்கும் வேலையில் இறங்கினேன்.

முதலில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் வாங்கியது இரண்டு கால் வைத்த மலிவு சென்சார். பத்து நாள் அருமையாக ஓடியது. மூன்றாவது வாரம் பிடுங்கிப் பார்த்தால் ஒரு காலில் பூச்சே இல்லை, பச்சை பூத்திருக்கிறது. ஈர மண்ணில் டிசி கரண்ட் ஓயாமல் ஓடினால் மின்னாற்பகுப்பு நடந்து பாசிட்டிவ் கால் கரையத்தானே செய்யும், யோசித்திருக்க வேண்டும். உரம் போட்ட அன்று இன்னொரு கூத்து: தண்ணீரே ஊற்றாமல் ஈரம் கூடிவிட்டதாகச் சொன்னது. உப்பு கூடினால் மின்தடை குறையும், அது அளப்பதோ மின்தடையை. ஏற்கெனவே இதை வாங்கி வைத்திருப்பவர்கள் மணிக்கு ஒரு தடவை, அளக்கும் அந்த நொடிக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள், கொஞ்ச காலம் கூடுதலாக உழைக்கும்.

அப்புறம் கெப்பாசிட்டிவ் வகைக்கு மாறினேன். தண்ணீரின் மின்காப்பு மாறிலி (மின்னூட்டம் தேங்க உதவும் திறனின் அளவு) 80 பக்கம், காய்ந்த மண்ணுக்கு 5-ஐத் தாண்டாது, அந்த வித்தியாசத்தைத்தான் இது பிடிக்கிறது, உலோகம் மண்ணைத் தொடுவதே இல்லை. ஆனால் சென்சாரின் சர்க்யூட் பலகையை வெட்டிய ஓரம் பூச்சில்லாமல் இருக்கும், அது வழியாகத் தண்ணீர் ஊறி இரண்டாவது மழைக்காலத்தில் ஒன்று கண்டபடி உளற ஆரம்பித்தது. ஓரத்தில் மூன்று கோட் நெயில் பாலிஷ் அடித்தேன், வீட்டில் அதற்குத் தனியாகப் பாட்டு வாங்கினேன், அதன் பிறகு பிரச்சினை இல்லை.

சென்சார் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். என்னிடம் காற்றில் 780, தண்ணீரில் 370 காட்டுகிறது, அதாவது காயக் காய எண் ஏறும். செம்மண்ணுக்கும் கோகோபீட்டுக்கும் ஒரே ஈரத்தில் வேறு வேறு எண் வரும். நான் பையை நன்றாக நனைத்து வடியவிட்டு ஒரு எண், இலை தொங்கும்போது ஒரு எண் என்று ஒவ்வொரு கலவைக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டேன். அம்மா விரலை விட்டுப் பார்த்துச் சொல்வதும் பெரும்பாலும் இதோடு ஒத்துப்போகிறது, அவருக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

தண்ணீர் ஊற்றும் மோட்டாரை இதோடு இணைத்த வருஷம் பொங்கலுக்குத் திருநெல்வேலி போயிருந்தேன். ஒரு ஒயர் கழன்று எண் 0 ஆகிவிட்டது. என் நிரல் கணக்கில் 0 என்றால் சொட்டச் சொட்ட ஈரம்! ஆறு நாள் மோட்டார் ஓடவே இல்லை. இப்போது 300-க்குக் கீழே போனால் கோளாறு என்று போனுக்குச் செய்தி வரும், மோட்டாரும் ஒரு தடவைக்கு 20 நொடிக்கு மேல் ஓடாது.

நிஜமாகக் கைகொடுத்தது 2024 மார்ச்சில். குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த சமயம், அரிசி கழுவிய தண்ணீரை எந்தப் பைக்கு ஊற்றுவது, எது இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினோம்.

வாங்கும்போது பலகையில் இருக்கும் ஐசி (சிப்) மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள். டிஎல்சி555 என்றால் சரி. என்இ555 என்றால் அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், 3.3 வோல்ட்டில் வைத்தால் உருப்படாது. நான் வாங்கிய நாலில் இரண்டு அப்படித்தான் இருந்தன. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை, கையில் வாங்கிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.