திருகோணமலையில் ஒரு தொழிற்கடன்: படகுப் பட்டறைக்காரர் ஒருவரின் மதிப்பீடு

திருகோணமலையில் கிளை வைத்திருக்கும் நிதி நிறுவனமொன்று சிறு தொழில் செய்வோருக்கு வழங்கும் தொழிற்கடனைப் பற்றியது இம்மதிப்பீடு. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே கடனைச் சிறு வேறுபாடுகளுடன் பலர் விற்கிறார்கள் என்பதும், நான் சொல்லவிருக்கும் குறைகள் ஒரு கிளைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும் அதற்குக் காரணங்கள். உப்புவெளிப் பக்கத்தில் கண்ணாடியிழைப் படகுகளைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை வாடகை இடத்தில் நடத்துகிறேன். ரெசினும் கண்ணாடியிழை விரிப்பும் வாங்கவும், பழைய காற்றழுத்தியை மாற்றவும் இக்கடனை எடுத்தேன்.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுவது நியாயம். விண்ணப்பித்த சில நாட்களிலேயே பணம் கைக்கு வந்தது. அரச வங்கியொன்றில் இதே தேவைக்கு மாதக்கணக்கில் அலைந்த நண்பர்களை அறிந்தவன் என்ற வகையில், இந்த வேகத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. கிளை உத்தியோகத்தர்கள் பண்பாகப் பேசினார்கள்; வெளிக்கள உத்தியோகத்தராக வந்த இளைஞர் பட்டறைக்கு நேரில் வந்து வேலையைப் பார்த்தார், கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் விளக்கம் மட்டும் தமிழில், அதுவும் வாய்மொழியாகக் கிடைத்தது. தமிழ் பேசும் மக்களே பெரும்பான்மையான வாடிக்கையாளர்களாக இருக்கும் ஊரில், கையொப்பமிடும் தாள் அவர்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை அல்ல.

கடனின் விலைக்கு வருவோம். எனக்குச் சொல்லப்பட்டது ஆண்டுக்கு 20 சதவீத வட்டி, 36 மாதத் தவணை. 5,00,000 ரூபாய்க்கு மூன்று ஆண்டு வட்டி 3,00,000 ரூபாய், மொத்தம் 8,00,000, மாதத் தவணை 22,222 ரூபாய். கேட்கும்போது ஒழுங்கான கணக்காகத்தான் தெரியும். ஆனால் இங்கே வட்டி கணக்கிடப்படுவது ஆரம்பத்தில் வாங்கிய முழுத் தொகைக்கு, கடைசி மாதம் வரை. ஒவ்வொரு தவணையிலும் 13,889 ரூபாய் முதலாகத் திரும்பிப் போய்க்கொண்டிருக்க, நம் கையில் இல்லாத அந்தப் பணத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது. முப்பத்தாறாவது மாதத்தில் உண்மையில் மீதியிருக்கும் முதல் 13,889 ரூபாய்தான். அதற்கு அந்த ஒரு மாதத்துக்கு அறவிடப்படும் வட்டி 8,333 ரூபாய். குறைந்துசெல்லும் மீதியின்படி கணக்கிட்டால் இக்கடனின் உண்மையான வட்டி மாதத்துக்கு 2.8 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 33.6 சதவீதம்.

கணக்கு அத்துடன் முடியவில்லை. ஆவணக் கட்டணம், காப்புறுதி, சட்டத்தரணிக் கட்டணம் என்று 20,000 ரூபாய் பணம் தரும்போதே கழிக்கப்பட்டது. கைக்கு வந்தது 4,80,000. தவணையோ 5,00,000 ரூபாய்க்குரியது. இதையும் சேர்த்தால் வட்டி மாதத்துக்கு மூன்று சதவீதத்தைத் தாண்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 37 சதவீதத்தைத் தொடுகிறது. 20 என்று சொல்லப்பட்ட ஒரு பொருளின் விலை 37 என்றால், அதை விலைப்பட்டியல் என்று அழைக்க முடியாது. அரிசிக் கடையில் நிறையைக் குறைத்து விற்றால் அளவைத் திணைக்களத்தார் வந்து தராசைப் பறித்துச் செல்வார்கள். பணம் விற்கும் கடையிலும் அத்தகைய தராசு ஒன்று சுவரில் தொங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்த வட்டியை யாரால் தாங்க முடியும் என்று எண்ணிப் பார்த்தேன். கொழும்பில் வாங்கிய பொருளை இரண்டு வாரத்தில் விற்று முடிக்கும் வியாபாரியால் முடியும். மாதம் மூன்று சதவீதம் அவருடைய இலாபத்தில் ஒரு பகுதியை மட்டுமே தின்னும். செய்து கொடுப்பவரால் முடியாது. எங்கள் தொழிலின் பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும், பழுதுபார்க்கும் வேலை குவிவது அப்போதுதான். அதே மாதங்களில் மீனவர் கையில் காசு இருக்காது. மார்ச் மாதத்துக்குப் பின் கடல் அமைதியாகி, தொழில் தொடங்கிய பிறகே எங்களுக்குரிய பணத்தைத் தருவார்கள். இது தலைமுறைகளாக நடந்துவரும் ஒழுங்கு, இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. கடன் தவணைக்கோ கடலும் இல்லை, பருவமும் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒரே திகதி, ஒரே தொகை, பிந்தினால் தாமதக் கட்டணம். டிசம்பரில் ரெசின் வாங்க எடுத்த பணத்தின் ஒரு பகுதியை டிசம்பரிலேயே தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. பருவம் பார்த்துத் தவணை அமைக்க முடியாதா என்று கேட்டேன். அவ்வாறான வசதி இல்லை என்று பதில் வந்தது.

எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுவது, கடன் தருவதற்கு முன் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது. பட்டறையின் வேலைப் பதிவேட்டை அந்த இளைஞர் புரட்டினார். தீர்மானம் அதில் தங்கியிருக்கவில்லை. காணி உறுதி இருக்கிறதா, சம்பளச் சிட்டையுடன் இரண்டு பிணையாளர்கள் இருக்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளில்தான் தங்கியிருந்தது. திருகோணமலை மாவட்டத்தில் பல உழைப்பாளர் குடும்பங்களிடம் இருப்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திர அரச காணி; அதைத் தனியார் நிறுவனங்கள் பிணையாக ஏற்பதில்லை. ஆகவே இருபது ஆண்டு அனுபவமுள்ள தச்சருக்குக் கடன் மறுக்கப்படுகிறது; வேலை எதுவும் தெரியாமல் உறுதிக்காணி வைத்திருப்பவருக்கு அது எளிதில் கிடைக்கிறது. அவர் அப்பணத்தில் இன்னொரு காணி வாங்குகிறார். காணியைப் பார்த்துக் கடன் கொடுக்கும்போது கடன் காணிக்கே போகிறது; காணி விலை ஏறுகிறது; ஏறிய விலையைப் பார்த்து அடுத்த கடன் இன்னும் பெரிதாகக் கொடுக்கப்படுகிறது. இந்தச் சுற்றில் ஒரு படகும் கட்டப்படவில்லை, ஒரு கதவும் இழைக்கப்படவில்லை.

அந்த ஏறிய விலை என் பட்டறைக்கு வாடகையாக வந்து சேருகிறது. போர் முடிந்த பின்னர் உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் சுற்றுலாவால் மாறியதை இவ்வூரார் அனைவரும் கண்டிருக்கிறோம். விடுதி கட்டியவர்கள் உழைத்தார்கள், முதலிட்டார்கள்; அவர்களுடைய வருமானத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் என் பட்டறை நிற்கும் துண்டுக் காணியில் உரிமையாளர் ஒரு கல்லும் வைக்கவில்லை. கூரைத் தகட்டை மாற்றியது நான், மின்சாரம் இழுத்தது நான். வீதி அரசாங்கத்தினுடையது, வாடிக்கையாளர்களைக் கொண்டுவருவது கடல். இருந்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது 20,000 ரூபாய் வாடகை 35,000 ஆகியது, அதற்கு மேல் ஓராண்டு வாடகை முற்பணமாகக் கேட்கப்பட்டது. அந்த முற்பணத்தைத் திரட்டுவதற்காகவே கடன் தொகையைக் கூட்டி எடுக்க வேண்டியிருந்தது. கடனாக வாங்கிய பணத்தில் ஒரு பங்கு ரெசினாக மாறாமல் நேரே வாடகையாகச் சென்றுவிட்டது. அந்தப் பங்குக்கும் நான் 37 சதவீதம் கட்டுகிறேன்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டின் முன்னறையைத் தையல் கடைக்கு விட்டு, அந்த வருமானத்தில் மருந்து வாங்குகிறார் என்றால், அவரை நான் குறை கூறவில்லை. கட்டடத்தைக் கட்டிப் பராமரிப்பவருக்கு அதற்குரிய கூலி உண்டு. என் பேச்சு நிலத்தின் இருப்பிடத்துக்காக மட்டும் பெறப்படும் பணத்தைப் பற்றியது. நிலவாடகை உரிமையாளரின் முயற்சியால் உண்டாவதில்லை, நல்ல நிலத்துக்கும் கடைநிலை நிலத்துக்கும் இடையிலான வேறுபாட்டால் உண்டாகிறது என்று ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817 ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். அவர் பேசியது கோதுமை விளையும் நிலத்தை. நமக்கு அதைக் கிண்ணியாப் பாலத்தில் பார்க்கலாம். 2009 ஆம் ஆண்டில் அந்தப் பாலம் திறக்கப்படும் வரை மக்கள் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில்தான் கடந்தார்கள். பாலத்துக்கான செலவைச் சுமப்பது முழு நாடு. பயணம் எளிதானதால் எல்லோருக்கும் நன்மை கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அணுகு வீதிகளை அண்டிய காணிகளில் ஏறிய விலை முழுவதும் காணிக்காரர்களின் கைக்குப் போயிற்று. பொதுப் பணத்தால் ஏறிய அந்த மதிப்பில் ஒரு பங்கை வரியாகத் திருப்பி எடுக்கும் ஏற்பாடு இருந்தால், உழைப்பின் மீதும் சாமான்களின் மீதும் விழும் வரியை அந்த அளவுக்குக் குறைத்திருக்கலாம்.

குத்தகைக்கு வரம்பு வைப்பது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1958 ஆம் ஆண்டில் அப்போதைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகை விவசாயியை நினைத்தபடி வெளியேற்ற முடியாதபடி பாதுகாப்பளித்ததுடன், அவர் குத்தகையாகக் கொடுக்க வேண்டிய விளைச்சல் பங்குக்கும் உச்ச வரம்பு விதித்தது. நடைமுறையில் அது பல இடங்களில் வலுவிழந்தது. ஆயினும் விளைவிப்பவரின் பங்கை முதலில் காப்பாற்ற வேண்டும் என்ற கொள்கை சட்டமாக எழுதப்பட்டது. தம்பலகாமத்து வயலுக்குப் பொருந்தும் கொள்கை உப்புவெளிப் பட்டறைக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

கடனுக்குத் திரும்புகிறேன். நாட்டின் வட்டி வீதங்கள் உயர்ந்திருந்ததால்தான் இந்த விலை என்று கிளையில் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டிலேயே திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைக் கடந்தது. அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்தால் 30 சதவீதம் கிடைக்கும் காலத்தில், பட்டறைகளைத் தேடிச் சென்று கடன் கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் அக்கறை இருக்காது. ஆனால் வீதங்கள் பின்னர் இறங்கின. 2024 நவம்பரில் மத்திய வங்கி தன் ஓரிரவுக் கொள்கை வீதத்தை 8 சதவீதமாக நிர்ணயித்தது. நிறுவனம் வைப்பாளருக்குக் கொடுக்கும் வட்டி உடனே குறைந்தது. உயர்ந்த காலத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் தவணை ஒரு ரூபாயும் இறங்கவில்லை.

நுண்கடன் எடுத்த பெண்களின் நிலையோடு ஒப்பிடுகையில் என் நிலை மேலானது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் குழுவாகச் சேர்க்கப்பட்டு வாரத் தவணை கட்டியவர்கள், ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற விதியின் கீழ், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து மீளாமல் போனார்கள். 2018 ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் 1,00,000 ரூபாய் வரையான பெண்களின் நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்ததும், அவ்வாண்டு இறுதியில் நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 சதவீத உச்ச வரம்பு விதிக்கப்பட்டதும் அந்தத் துயரின் விளைவே. அவர்கள் கடன் எடுத்தது கோழி வளர்க்க, இடியப்பம் அவித்து விற்க, பாய் பின்ன. அத்தொழில்களில் எது வாரந்தோறும் அந்த வட்டியை ஈட்டித் தரும் என்று கடன் கொடுத்தவர்கள் ஒரு தடவையாவது கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

மாற்று வழி தேடுவோருக்கு: கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இலங்கையில் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் 1911 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எங்கள் பகுதிச் சங்கம் தரும் தொகை சிறியது, கூட்டத்துக்குப் போக வேண்டும், சேமித்துக் காட்ட வேண்டும். ஆனால் வட்டி மீதியிருக்கும் முதலுக்கு மட்டுமே. சங்கத்தில் மிஞ்சுவது அங்கத்தவர்களுக்கே திரும்புகிறது. நான் படகு திருத்துபவன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ரெசின் வாங்குமளவுக்கு அது போதும். காற்றழுத்திக்குப் போதாது.

இந்நிறுவனத்தின் கடனைத்தான் எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், கையொப்பமிடும் முன் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழிவுகள் போகக் கைக்கு வரும் தொகை எவ்வளவு, குறைந்துசெல்லும் மீதியின்படி ஆண்டு வட்டி எவ்வளவு, ஓராண்டு முடிவில் கடனை முழுமையாகத் தீர்க்க விரும்பினால் கட்ட வேண்டியது எவ்வளவு. மூன்றாவது கேள்வியை எவரும் கேட்பதில்லை. அதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 12 தவணைகளை ஒழுங்காகக் கட்டியவர், விற்கும்போது சொல்லப்பட்ட கணக்கின்படி, தம் முதலில் 3,33,333 ரூபாய் மீதியிருப்பதாக நினைப்பார். முன்கூட்டித் தீர்க்கப் போனால் நிறுவனம் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, குறைந்துசெல்லும் மீதிக் கணக்கைத் தானே எடுக்கிறது. அதன்படி மீதி ஏறத்தாழ 3,84,600 ரூபாய். அதற்கு மேல் முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணமும் உண்டு. நான் இத்தொகையை எழுத்தில் கேட்டபோது, மேலாளர் தலைமை அலுவலகத்துடன் பேசி, அச்சிட்ட தாளில் முத்திரையிட்டுத் தந்தார். கேட்டால் தருகிறார்கள், ஆகவே கேளுங்கள், அந்தத் தாளை ஒப்பந்தத்துடன் சேர்த்தே வைத்திருங்கள்.